முழு லாட்டையும் பார்க்க வேண்டும்

முனவ்வர் பேகம் சிரித்ததால்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று எலிகன்டா ஷூஸ் நிறுவனத்தின் கோப்புகள் சொல்கின்றன.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு, தொண்ணூற்றெட்டாம் வருஷக் கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். பெண்கள் அணியும் குதிகால் செருப்பு ஒன்றைத் தையல் மேஜைமேல் வைத்துத் தன் விற்பனைப் புத்தகத்துக்காகப் படம் எடுத்தார். செருப்புக்குப் பின்னால் முனவ்வர் பேகம் உட்கார்ந்திருந்தாள். யாரோ எதையோ சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. மருதாணி போட்ட தலை தீப்பிடித்த மாதிரி இருந்தது. படம் அச்சாகி வந்தபோது செருப்பைவிடச் சிரிப்புதான் தெளிவாக விழுந்திருந்தது.

சென்னையில் இருந்த டைரக்டர் ஒரே வரியில் ஃபேக்ஸ் அனுப்பினார்: 'யார் இந்தக் கிழவி?'

முனவ்வருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. டைரக்டரைவிட மூன்று வயது சின்னவள்.

ஃபேக்ஸ் ஆரோக்கியசாமியின் கைக்குப் போனது. டைரக்டரின் ஃபேக்ஸை அந்தத் தொழிற்சாலையில் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. அவரும் எழுந்து நின்று படித்தார். டைம்கீப்பராக வேலைக்குச் சேர்ந்து, மணியடித்து, தாமதமாக வந்தவர்களின் பெயரை எழுதி, படிப்படியாக மனிதவள மேம்பாட்டு முதுநிலை மேலாளர் ஆனவர் அவர். பதவியின் பெயர் ஒரு பலகைக்குள் அடங்காமல் கதவில் இரண்டு பலகையாக மாட்டியிருந்தது. கதவைத் திறக்கும்போது 'முதுநிலை' மட்டும் ஆடும்.

அன்றைக்கே தோற்றத் தர மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ஆரோக்கியசாமி. உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவன் பெங்களூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து ஏழு மாதமே ஆகியிருந்த ஜெஸ்டன். இன்னொருவர் தலைவலிக்கும் வெட்டுக்காயத்துக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுத்துவந்த தொழிற்சாலை டாக்டர் டேனியல். முதல் மூன்று கூட்டங்களில் குழு மக்கன் பேடா சாப்பிட்டது. நாலாவது கூட்டத்தில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தது.

சிக்கல் இதுதான். நிறுவனம் புதிதாகத் தரச்சான்றிதழ் வாங்கியிருந்தது. சான்றிதழ் இருந்தால்தான் வாடிக்கையாளர் வருவார். அது நிலைக்க வேண்டுமானால் தொழிற்சாலையில் நடக்கும் ஒவ்வொன்றும் எழுதிவைத்த செயல்முறைப்படி நடக்க வேண்டும். எழுதாததைச் செய்யக் கூடாது. எழுதியதைச் செய்யாமல் விடவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தணிக்கையாளர் வந்து பார்ப்பார். கிழவிகளைக் கண்ணில் படாமல் செய்வதென்று குழு முடிவெடுத்திருந்தது. அதை எப்படிச் செய்வது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் தணிக்கையாளர் ஒரு குறையும் எழுதாமல் விட்ட செயல்முறை ஒன்றே ஒன்றுதான். அது ஜெயசீலியுடையது.

ஜெயசீலிக்கு நாற்பத்தாறு வயது. தோல் தரம் பிரிக்கும் மேஜையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள். பதப்படுத்திச் சாயமேற்றிய தோல் லாட் லாட்டாக அவளிடம் வரும். ஒரு சரக்கில் சேர்ந்து வந்த மொத்தத் தோலும் ஒரு லாட். ஒவ்வொரு தோலையும் சரிவான மேஜையில் விரித்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவாள். கழுத்துச் சுருக்கம், உண்ணி கடித்த புள்ளி, சூட்டுக்குறி, நரம்புத் தடம், கன்று ஈன்ற மாட்டின் வயிற்றுத் தளர்வு எல்லாம் கண்ணுக்கு முன்னால் அவள் கைக்குத் தெரிந்துவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பாள். பிறகு முத்திரை குத்துவாள். ஏ என்றால் செருப்பின் முன்பக்கம். பி என்றால் பக்கவாட்டு. சி என்றால் உள்ளே. டி என்றால் பின்பக்கக் கழிவுக் கிடங்கு. அங்கே பதினைந்து நாள் கிடந்து, லாரியில் ராணிப்பேட்டை போய், அரைத்துத் தோலட்டையாகிவிடும்.

இதையெல்லாம் அவள் வாயால் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்ததுதான் செயல்முறை எண் ஐந்து. முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம்.

ஆரோக்கியசாமி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"ஜெயசீலியம்மா, உன் ஃபைல ஒரு வாரத்துக்குக் குடு. உன்னோட முறை மத்த டிபார்ட்மென்டுக்கும் போவப்போவுது."

"எந்த டிபார்ட்மென்ட் சார்?"

"என்னோடது."

ஜெயசீலிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம், வேலூரில் நர்ஸிங் படிக்கும் மகள் கேத்தரினுக்குக் கடிதம் எழுதியபோது இதையும் சேர்த்து எழுதினாள்.

செயல்முறை எண் ஐந்தை முன்னால் வைத்துக்கொண்டு, 'தோல்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பெண் தொழிலாளி' என்று மாற்றி அடிக்கும்படி ஆரோக்கியசாமி உத்தரவிட்டார். சட்ட ஆலோசகர் தொலைபேசியில் தடுத்தார்.

"பெண்ணுன்னு எழுதாதீங்க, கேஸ் ஆயிடும். பணியாளர்னு போடுங்க. பேப்பர்ல எல்லாருக்கும் இருக்கட்டும். நடக்கறது பொம்பளைங்களுக்கு மட்டும் நடக்கட்டும்."

இவ்வளவு ஆழமான சட்ட அறிவைக் கண்டு குழு நெகிழ்ந்தது. 'பணியாளர்' என்றே அடிக்கப்பட்டது. இப்படியாகச் செயல்முறை எண் ஆறு பிறந்தது:

'3.2. பணியாளரைக் குழல்விளக்கின் கீழ் சுருக்கமில்லாமல் விரித்துப் பார்க்க வேண்டும்.

3.4. பணியாளரின் கழுத்துச் சுருக்கங்களை எண்ணி எழுத வேண்டும்.

3.7. கன்று ஈன்ற பணியாளரின் வயிற்றுத் தளர்வை இரு விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும்.'

டைரக்டர் கையெழுத்துப் போட்டார். அவர் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. குழுவும் திருப்பியதாகத் தெரியவில்லை.

கேன்டீனில் எல்லாப் பெண்களையும் கூட்டி ஆரோக்கியசாமி பேசினார்.

"சகோதரிகளே, நிர்வாகம் தாய்மைய மதிக்குது. தாய்மை புனிதமானது. ஆனா அது உடம்புல தெரிஞ்சே ஆகணும்னு அவசியமில்ல. வயசும் அப்படித்தான். வயசாகறது யாருக்கும் தப்பில்ல, வேலை நேரத்துல ஆகக் கூடாது. எங்க வீட்லயும் தாய் இருக்காங்க. எண்பது வயசு. யார் கண்ணுலயும் படாம உள் ரூம்ல வெச்சு அவ்ளோ மரியாதையாப் பாத்துக்கறேன். அந்த மரியாதையத்தான் இப்ப உங்களுக்கும் குடுக்கப்போறேன்."

ஜெஸ்டன் எழுந்து, அழகு என்பது ஒரு உற்பத்திக் காரணி என்றான். டாக்டர் டேனியல் எழுந்து, கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாடி சொல்றான்?" என்று முனவ்வர் கேட்டாள்.

"தெரில அக்கா. என் ஃபைல வெச்சு ஏதோ பண்றாங்க."

முதலுதவி அறையில் கூடுதலாக இரண்டு குழல்விளக்கு மாட்டினார்கள். ஒரு வாரம் தரம் பிரித்தல் நடந்தது. உள்ளே டாக்டர் பார்த்துச் சொல்வார். திரைக்கு வெளியே உட்கார்ந்து ஜெஸ்டன் எழுதிக்கொள்வான். விரித்துப் பார்ப்பது மட்டும் சாத்தியப்படாததால், நிற்கவைத்துப் பார்ப்பதென்று குழு ஒரு சலுகை அளித்தது.

நாலு பிள்ளை பெற்ற அன்வரி பேகத்தின் படிவத்தில் 'நான்கு முறை விரிந்தது' என்று எழுதினார்கள். மரியம்மாளின் தோளில் இருந்த அம்மைத் தடுப்பூசித் தழும்பு சூட்டுக்குறிக் கணக்கில் சேர்ந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான ஷஹீன் பானு பற்றிக் குழு அரை நாள் விவாதித்து, 'வடிவம் இன்னும் முடிவாகவில்லை. நிலுவை' என்று முடிவு செய்தது. இருபது வயதுப் பெண்ணொருத்தியின் பருக்கள் உண்ணிக்கடி ஆயின. நின்று நின்று கால் நரம்பு சுருண்டவர்கள் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களை யார் நிற்கவைத்தது என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

அந்த வாரம் தொழிற்சாலைப் பெண்கள் கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். சின்னப் பெண்கள் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி எடுத்துப் போனார்கள். தண்ணீர்க் குழாயடியில் கிடந்த உடைந்த கண்ணாடிக்கு வரிசை நின்றது. அதுவரை தன் கழுத்து என்று ஒன்று இருப்பதையே நினைக்காதவர்கள், அதைத் தாடைக்குக் கீழே தொங்கும் வேறு யாருடையதோ ஒரு பொருளைப் போலத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயசீலியின் முறை சனிக்கிழமை வந்தது. திரைக்குப் பின்னால் டாக்டரின் குரல் சலிப்பாக ஒலித்தது.

"தாடைய தூக்கும்மா. கழுத்து, ஆறு. திரும்பு. எத்தினி குழந்தை?"

"ரெண்டு சார். ஒண்ணு தங்கல."

"தங்காததையும் எழுதணுமா ஜெஸ்டன்?"

"விரிஞ்சிருந்தா எழுதுங்க டாக்டர்."

எழுதினார்கள்.

பட்டியல் திங்கட்கிழமை பலகையில் ஒட்டப்பட்டது. டி தரம் பதினோரு பேர். முதல் பெயர் முனவ்வர் பேகம். நாலாவது பெயர் ஜெயசீலி. தணிக்கை முடிந்ததும் இவர்கள் கழிவுக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள் என்றும், பதினைந்தாம் நாள் வளாகத்திலிருந்து அகற்றப்படுவார்கள் என்றும், செயல்முறை ஆறு இதற்கு ஆதாரம் என்றும் கீழே இருந்தது.

ஜெயசீலி அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தாள். அது அவள் வாக்கியம். அவள் சொல்லித்தான் டைப்பிஸ்ட் அடித்தான். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, புடவையைத் தளர்த்தி, அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். கைக்குப் பழக்கமான இடம்தான். இப்படி இருந்த எத்தனையோ ஆயிரம் வயிறுகளை அவள் ஒதுக்கித் தள்ளியிருக்கிறாள். அந்த மாடுகளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அந்த மாடுகளில் எதற்கும் கேத்தரினைப் படிக்கவைத்து முடிக்க வேண்டியிருக்கவில்லை.

"அரைச்சு அட்டை பண்ணுவாங்க இல்ல?" என்றாள் முனவ்வர், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில். "என்னை அரைச்சா ஒரு டஜன் செருப்புக்கு ஆவும். உன்ன அரைச்சா பாப்பா சைஸு ஒரு ஜோடிக்குக் காணாது. இன்னாத்த சாப்புடுற நீ?"

ஜெயசீலி சிரிக்கவில்லை. அவள் மடியில் செயல்முறை எண் ஐந்து இருந்தது. அலுவலகத்திலிருந்து அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். முதலாளியோ மேனேஜரோ சொன்னது எதையும் அவள் இப்படி நிதானமாகப் படித்ததில்லை. சொன்னது அவளாக இருந்ததால் படிக்க முடிந்தது.

தணிக்கைக்கு முதல் நாள் மதியம் ஆரோக்கியசாமி அவள் மேஜைக்கே வந்தார். பின்னால் ஜெஸ்டன் கோப்போடு நின்றான். உள்ளே நூற்றெண்பது படிவங்கள்.

"ஜெயசீலியம்மா, ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. ஒவ்வொரு படிவத்துலயும் அடில 'தரம் பிரிப்பவர் கையெழுத்து'னு இருக்கு. தணிக்கை ரிஜிஸ்டர்ல தரம் பிரிக்கறவங்கன்னு உன் பேரு ஒண்ணுதான் கீது. கடகடன்னு போட்டுடு."

மேலாக இருந்த படிவம் அவளுடையதுதான். அவள் பேனாவை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"இத நான் பாக்கலியே சார்."

"நாங்க பாத்துட்டோம். நீ போட்டா போதும்."

"பாக்காததுக்குப் போடக் கூடாதுன்னு 6.1ல இருக்குது சார். அப்புறம் 2.1. லாட்ல பாதிய எடுத்துப் பாத்துத் தரம் எழுதக் கூடாது, முழு லாட்டையும் பாக்கணும். நீங்க பாதிதான் பாத்திருக்கீங்க."

"பொம்பளைங்க எல்லாரையும் பாத்தாச்சே," என்றான் ஜெஸ்டன்.

"பணியாளர்னுதான் சார் போட்டிருக்கு."

ஆரோக்கியசாமி சட்ட ஆலோசகருக்கு ஃபோன் போட்டார். அவர் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போயிருந்தார். கடைசியில், தணிக்கையாளர் போகிறவரை கோப்பை வெளியே எடுக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆனால் பட்டியல் பலகையில் இருந்தது. அதை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. பலகையைப் படிக்கும் பழக்கம் அவர்களில் யாருக்கும் கிடையாது.

தணிக்கையாளர் சீதாபதி சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்தார். ஒல்லியான மனிதர். தன் டம்ளரைத் தானே கொண்டுவருவார். நல்லது, கெட்டது என்று அவர் எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை. எழுதியிருக்கிறதா, எழுதியபடி நடக்கிறதா என்ற இரண்டே கேள்விகள்தான் அவரிடம் இருந்தன. வீட்டில் குழந்தை அழுதாலும் அதையேதான் கேட்பார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

பலகை முன்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"செயல்முறை ஆறு புதுசா? காட்டுங்க."

காட்டினார்கள். முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். அந்த நிறுவனத்தில் ஜெயசீலிக்கு அடுத்தபடியாகப் பின்பக்கத்தைப் படித்த ஆள் அவர்தான். பிறகு படிவக் கோப்பையும் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"படிவங்கள்ல கையெழுத்து இல்லையே."

"இன்னிக்குப் போட்ருவாங்க சார்," என்றார் ஆரோக்கியசாமி.

"பாத்தவங்க யாரு?"

ஜெஸ்டன் தன்னைத்தானே சுட்டிக்காட்டிக்கொண்டான். சீதாபதி பதிவேட்டைப் பார்த்தார். அதில் அவன் பெயர் இல்லை. சிவப்பு மையால் நூற்றெண்பது படிவத்தின் குறுக்கிலும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, 'செல்லாது' என்று எழுதினார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. 

"சரி. தகுதியுள்ளவங்க செஞ்சு காட்டட்டும். பட்டியல் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"2.3ல இருக்குது சார்," என்றாள் ஜெயசீலி. "லாட்ல மேல இருக்கறதுலேர்ந்து."

ஊழியர் பதிவேட்டில் மேலே இருந்தது மனிதவள மேம்பாட்டு முதுநிலை மேலாளர்.

தையல் கூடத்தில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. யாரும் சொல்லாமலேயே எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். ஆரோக்கியசாமி சிரிக்கப் பார்த்தார். இது பெண்களுக்காகச் செய்த ஏற்பாடு என்று சொல்ல வாயெடுத்தார். "எழுதியிருக்கா?" என்றார் சீதாபதி. எழுதியிருக்கவில்லை.

"விளக்குக்கு அடில வாங்க சார்," என்றாள் ஜெயசீலி. குரலில் கோபம் இல்லை. புது லாட் வந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள். "காலர திறங்க. தாடைய தூக்குங்க. இன்னும் கொஞ்சம். கழுத்து, ஒம்பது."

"ஒன்பது," என்று சீதாபதி எழுதிக்கொண்டார்.

அவள் வெள்ளைத் துணியை நனைத்தாள். அவர் மீசையில் வைத்து மூன்று தடவை தேய்த்தாள். செயல்முறையில் மூன்று தடவை என்றுதான் இருந்தது. துணியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். கருப்பாக இருந்தது. மீசை சாம்பலாக இருந்தது.

"சாயம் நிக்கல."

வாசலில் யாரோ விக்கினார்கள். முனவ்வராக இருக்கும்.

"வயிறு சார்." இரு விரலால் சட்டையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். விட்டாள். அது திரும்பிப் போக நேரம் எடுத்துக்கொண்டது. "தளர்வு இருக்குது. எத்தினி பிரசவம் சார்?"

"இன்னாம்மா கேக்கற?"

"படிவத்துல இருக்குது சார். பதில் வேணும்."

சீதாபதி பேனாவோடு காத்திருந்தார்.

"இல்ல," என்றார் ஆரோக்கியசாமி.

"பிரசவம் இல்ல. அப்ப காரணம் தெரியல." ஜெயசீலி பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். "5.3. காரணம் தெரிந்த குறையை அதன் காரணத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். அதற்காக மட்டும் டி போடக் கூடாது. காரணம் தெரியாத தளர்வு உள்ளே அழுகலாக இருக்கலாம்; டி போட வேண்டும்."

முத்திரையை மையில் ஒற்றி, படிவத்தில் குத்தினாள். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஜெயசீலி," என்றார் ஆரோக்கியசாமி மெல்லிய குரலில், "நான் குடும்பஸ்தன்மா."

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."

அடுத்தது டாக்டர் டேனியல். அவர் அதற்குள் தன் அறைக்குப் போய்த் தனக்கே ஒரு மருத்துவச் சான்றிதழ் எழுதி அனுப்பியிருந்தார். உடல்நிலை காரணமாகத் தான் எந்தப் பணிக்கும் தகுதியற்றவர் என்று அதில் இருந்தது. சீதாபதி அதைப் படித்து, கையெழுத்தைச் சரிபார்த்து, "இவரே டி போட்டுக்கிட்டாரு," என்று கோப்பில் சேர்த்தார்.

ஜெஸ்டனுக்குக் கழுத்தில் ஒரு கோடுகூட இல்லை. சாயம் ஒட்டவில்லை. வயிறு ஒட்டிப்போயிருந்தது. அவன் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை வந்தது.

"பாக்க ஜோரா இருக்குது," என்றாள் ஜெயசீலி. "மேல்பூச்சு நல்லா குடுத்திருக்காங்க. அதனாலதான் மடிப்புச் சோதனை பண்ணணும். வேலைல வளைச்சா பூச்சு உடையுதான்னு பாக்கறது. சார், என் பக்கத்துல நில்லுங்க. நான் அடுத்த லாட்ட பாக்கறேன். முடியற வரைக்கும் நீங்க சும்மா நின்னா போதும்."

நூற்று இருபது தோல். அவள் விரித்தாள், தடவினாள், குத்தினாள். ஜெஸ்டன் நின்றான். முப்பதாவது தோலில் காலை மாற்றினான். ஐம்பதில் மேஜையில் கை ஊன்றினான். சீதாபதி பேனாவால் அந்தக் கையைத் தட்டிவிட்டார். எழுபத்தொன்றாவது தோலில், தொழிலாளர்-நிர்வாக உறவு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மடிப்புல உடையுது. டி," என்றாள் ஜெயசீலி. அடுத்த தோலை விரித்தாள்.

மீதி லாட்டை, சீதாபதி உடனிருக்க, அவள் அந்த வாரம் முழுக்கப் பார்த்தாள். ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒவ்வொரு குறைக்கும் காரணத்தை எழுதினாள். 'நரம்புத் தடம், காரணம், பதினான்கு வருஷம் நின்றது.' 'வயிற்றுத் தளர்வு. காரணம், அப்துல், ரஹீமா, ஜாவித், சின்னவன்.' 'முன்பல் இரண்டு இல்லை. காரணம், தொண்ணூற்றொன்றில் இயந்திரக் கைப்பிடி மோதியது, டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார்.' காரணம் இல்லாத குறை ஒருவரிடமும் இருக்கவில்லை. ஒரு டிகூட விழவில்லை. தன் படிவத்தை மட்டும் அவள் சீதாபதியையே எழுத வைத்தாள். தன்னைத் தானே பார்க்கக் கூடாது என்பது 6.2. தங்காத பிள்ளையின் பெயரைக் கேட்டு அவர் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டார்.

ஆரோக்கியசாமி டைரக்டருக்கு ஃபோன் செய்தார். செயல்முறையை ரத்து செய்யும்படி கெஞ்சினார். ரத்து செய்ய நிர்வாக ஆய்வுக் கூட்டம் தீர்மானம் போட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கும் உறுப்பினர்கள் இதே மூன்று பேர், மூவரும் டி. டி தரத்தை உற்பத்தி சம்பந்தமான எதிலும் சேர்க்கக் கூடாது என்பது 7.1. டைரக்டர் ஒரு நாள் யோசித்தார். சான்றிதழ் போனால் வாடிக்கையாளர் போய்விடுவார். ஆரோக்கியசாமி போனால் வேறொரு டைம்கீப்பர் இருப்பார். ஒரே வரியில் ஃபேக்ஸ் வந்தது: 'செயல்முறைப்படி செய்க.' ஆரோக்கியசாமி அதையும் நின்றுகொண்டுதான் படித்தார்.

மூவரும் கழிவுக் கிடங்குக்கு மாற்றப்பட்டார்கள். நாற்காலிகளும் கதவின் இரண்டு பலகைகளும் கைவண்டியில் பின்னாலேயே போயின. கிடங்கில் வெளிச்சம் கம்மி, நாற்றம் ஜாஸ்தி. முதல் மூன்று நாள் அவர்கள் குழுக் கூட்டம் நடத்தினார்கள். நாலாம் நாள் டாக்டர், தோற்றத்தை வைத்து மனிதரை ஒதுக்குவது காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. தீர்மானத்தைப் பலகையில் ஒட்ட ஆள் அனுப்பக் கேட்டார்கள். டி தரத்திலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது என்பதால் ஒட்டப்படவில்லை.

பத்தாம் நாள் ஆரோக்கியசாமி கிடங்கு ஜன்னல் வழியாக முனவ்வரைக் கூப்பிட்டார்.

"முனவ்வரு, நீ சொன்னா ஜெயசீலி கேக்கும். மறுபடி ஒரு தபா பாக்கச் சொல்லு."

முனவ்வர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பத்து நாளில் மீசை முழுக்க வெளுத்திருந்தது.

"அய்ய, இன்னா சார் இது. யாரோ கிழவர்னு பாத்தேன்," என்றாள். இரண்டு பல் இல்லாத வாயை நன்றாகத் திறந்து சிரித்தாள். யாரும் படம் எடுக்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை ராணிப்பேட்டை லாரி வந்தது. கழிவு எடுக்கும் குர்ஷித் பாய், ஜெயசீலி கொடுத்த பட்டியலைப் படித்தார். 'தோல், நானூற்றுப் பன்னிரண்டு. பணியாளர், மூன்று.'

"இன்னாம்மா இது, பேஜாரா இருக்குதே. இவங்கள நான் இன்னா பண்றது?"

"பேப்பர்ல இருக்கறத ஏத்துங்க பாய். அங்க எறக்கிட்டு ரசீது மட்டும் குடுத்தனுப்புங்க."

ஏற்றினார்கள். ஜெஸ்டன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தோல்கட்டின்மேல் உட்கார்ந்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். லாரி வாசலுக்கு வந்ததும் காவலாளி ஞானமுத்து கையைக் காட்டி நிறுத்தினான். கேட் பாஸ் இல்லாமல் ஒரு குண்டூசிகூட வெளியே போகக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவர் ஆரோக்கியசாமி. பாஸில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரும் அவர் ஒருவர்தான்.

ஞானமுத்து இரண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் வந்தான். வெள்ளைப் புத்தகம் திரும்பி வருகிற பொருளுக்கு. இளஞ்சிவப்புப் புத்தகம் திரும்பி வராத பொருளுக்கு.

"எதுல போடறது சார்?"

ஆரோக்கியசாமி வெள்ளைப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ஜெயசீலியைப் பார்த்தார். தையல் கூடத்து ஜன்னல்களில் எல்லாம் முகங்கள் இருந்தன.

"டி லாட்டு எப்பவும் சிவப்புதான் ஞானமுத்து," என்றாள் ஜெயசீலி.

அவர் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்று லாரிக்கு, ஒன்று வாசலுக்கு. மூன்றாவதைக் கோப்புக்காக அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி முன்பக்கம் படித்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடலையே சார்."

அவர் தேதியும் போட்டார்.